குட்டை என்று கழித்த பையன்: கிளாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம்

கிளாஸ்கோ,
24 ஜனவரி 2026, சனிக்கிழமை இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. ஃபுட்பால் அகாடமி தேர்வில் உயரம் போதாது என்று உன்னைக் கழித்துவிட்டார்களாம், இரண்டு நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லையாம். அக்கா சொன்னாள். முதலில் சாப்பிடு. பிறகு இதைப் படி.

இந்த ஊர்க்காரர் ஆண்டி ராபர்ட்சன் என்று ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் 26-ஆம் எண் சட்டை போட்டு ஆடியவராக உனக்கு அவரைத் தெரியும். 1994 மார்ச்சில் இதே கிளாஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே செல்டிக் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார். 15 வயதில், ஆள் குட்டை என்று வெளியே அனுப்பினார்கள். இங்கே அது பெரிய அடி. நகரமே செல்டிக், ரேஞ்சர்ஸ் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த இரண்டில் ஒன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பாதிப் பையன்கள் பூட்ஸைக் கழற்றி மாட்டிவிடுவார்கள்.

அவர் குயின்ஸ் பார்க்குக்குப் போனார். 1867-இல் தொடங்கிய கிளப், ஸ்காட்லாந்திலேயே பழையது. அப்போது அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. 'விளையாட்டுக்காகவே விளையாடு' என்பது அவர்கள் கொள்கை. 2019-இல்தான் அதை விட்டுச் சம்பளம் கொடுக்க முடிவு செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், காசில்லாத அந்த கிளப்புக்கு வீட்டு மைதானம் ஹாம்ப்டன் பார்க். தேசிய அணி ஆடும் மைதானம், சுமார் 52,000 இருக்கை. வழக்கமான சனிக்கிழமைகளில் சில நூறு பேர் வந்து உட்காருவார்கள், கத்தினால் எதிரொலிக்கும். 2012-இல் ரேஞ்சர்ஸ் கடனில் மூழ்கி நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டபோது, அவர்கள் இங்கே ஆட வந்த அன்று மட்டும் 30,000-க்கு மேல் கூட்டம்.

சம்பளம் இல்லாததால் ராபர்ட்சன் அதே ஹாம்ப்டனில் போனில் டிக்கெட் விற்கும் வேலை பார்த்தார், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையிலும் வேலை செய்தார். 'இந்த வயதில் காசில்லாத வாழ்க்கை கொடுமை, ஒரு வேலை வேண்டும்' என்ற பொருளில் 2012 ஆகஸ்டில் ட்விட்டரில் எழுதினார். அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறு கணக்கு: அந்த 2012-13 பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 34. அணிக்கு அந்தப் பருவத்தில் மொத்தமே 36 லீக் ஆட்டம்தான்.

பெரிய கிளப்பின் இளையோர் அணியில் இருந்தால் தன் வயதுப் பையன்களோடுதான் ஆடியிருப்பார். நான்காம் பிரிவில் எதிரே நிற்பவர் முப்பது வயதுத் தச்சர், தபால்காரர், பள்ளி ஆசிரியர். செவ்வாய், வியாழன் மாலையில் பயிற்சி, சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், திங்கள் காலை வேலை. நுட்பம் குறைவாக இருக்கலாம், ஆனால் தோளை எங்கே கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். குட்டைப் பையன் இடித்து ஜெயிக்க முடியாது. அதனால் பந்து வருவதற்கு முன்பே இடத்தை எடுக்கக் கற்றுக்கொள்வான். உயரம் பின்னால் வந்தது, இப்போது 1.78 மீட்டர். கற்றது அதற்கு முன்பே வந்துவிட்டது.

இங்கே உள்ள ஏணியைச் சொல்கிறேன். மேலே பிரீமியர்ஷிப்பில் 12 கிளப். அதன் கீழே மூன்று பிரிவுகளில் பத்துப் பத்தாக முப்பது. ஆக 42. அதற்கும் கீழே ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் என்று போகிறது. 'ஜூனியர்' ஃபுட்பால் என்று கேள்விப்பட்டால் சிறுவர் ஆட்டம் என்று நினைக்காதே, அது வளர்ந்த ஆண்கள் ஆடும் ஆட்டம்தான். பின்னாளில் பெரும் ஆட்டக்காரரான கென்னி டால்க்லிஷையே செல்டிக் முதலில் கம்பர்நால்ட் யுனைடெட் என்ற ஜூனியர் அணிக்கு அனுப்பித்தான் பதம் பார்த்தது.

ராபர்ட்சன் அந்த ஏணியில் ஏறிய வேகத்தைப் பார். 2013 கோடையில் டண்டீ யுனைடெட். அங்கே 36 லீக் ஆட்டம், 2014 மார்ச்சில் போலந்துக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம். 2014 ஜூலையில் 28.5 லட்சம் பவுண்டுக்கு இங்கிலாந்தின் ஹல் சிட்டி. அங்கே அணி ஒரு முறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, ஒரு முறை ஏறி, மறுபடி இறங்கியது. 2017-இல் 80 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல். அங்கே முதல் சில மாதம் பெரும்பாலும் பெஞ்சுதான். டிசம்பரில் ஆல்பர்டோ மொரேனோவுக்குக் காயம் பட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இலும் 2025-இலும் இங்கிலாந்து லீக் பட்டம். 2018-இலிருந்து ஸ்காட்லாந்து கேப்டன். போன நவம்பர் 18 அன்று ஹாம்ப்டனில் டென்மார்க்கை 4-2 என்று வென்று, 1998-க்குப் பிறகு முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அன்று முழுவதும் இறந்துபோன தன் நண்பர் டியோகோ ஜோட்டாவின் நினைவாகவே இருந்தது என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னார்.

நீயும் அவரைப் போல லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரன், என்பதால் அவர் ஓட்டத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். லிவர்பூலில் அவருக்கு முன்னால் சாடியோ மானே இடது விங்கராக (ஓரத் தாக்குதல் ஆட்டக்காரராக) ஆடிய நாட்களின் வீடியோவைப் பார். மானே வலது காலுக்காக உள்ளே வெட்டுவார், எதிரணி ரைட் பேக் கூடவே இழுபடுவார், கோட்டோரம் ஒரு சந்து திறக்கும். அது திறக்கும் நொடியில்தான் ராபர்ட்சன் கிளம்புவார். முந்திப் போனால் கோட்டோரம் நின்றுகொண்டு பாஸுக்குக் காத்திருக்க வேண்டும், எதிராளி பார்த்துவிடுவான். பிந்தினால் விங்கர் பந்தை இழந்திருப்பார், உனக்குப் பின்னால் நாற்பது மீட்டர் காலியிடம். பாஸ் வந்ததும் முதல் தொடுதல் பந்தைக் காலுக்கு அடியில் நிறுத்தக் கூடாது, ஒரு எட்டு முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் அடுத்த எட்டிலேயே கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்புவது) போட முடியும். அவர் கிராஸ் பெரும்பாலும் உயரமாக வராது. கோல்கீப்பருக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே வேகமாக வரும், யார் போவது என்று இருவரும் தயங்குவார்கள். 2018-19 லீக்கில் இப்படி 11 கோலுக்கு வழி செய்தார், அடுத்த பருவத்தில் 12. நம் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் தூக்கி அடிக்கிறீர்கள். அது கிராஸ் இல்லை, வேண்டுதல்.

இந்த ஊர் மாமாவுக்கு எப்படி என்று கேட்டிருந்தாய். ஜனவரியில் நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும், இரண்டாம் பாதி விளக்கு வெளிச்சத்தில்தான். இடைவேளையில் ஆட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்ற தின்பண்டம், கூடவே போவ்ரில். போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாற்றை வெந்நீரில் கலக்கிய பானம். ரசம் என்று நினைத்துக் குடித்தால் ஏமாந்து போவாய். 1980 கோப்பை இறுதி ஆட்டத்துக் கலவரத்துக்குப் பிறகு மைதானத்தில் சாதாரண ரசிகனுக்கு மது விற்பதில்லை. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் இங்கே டிவியில் நேரலையாக வராது, பார்க்க வேண்டுமானால் குளிரில் போய்த்தான் உட்கார வேண்டும். அதனால்தான் கீழ்ப்பிரிவு கிளப்புகளுக்கும் வாசலில் நாலு காசு வருகிறது.

காசு இன்னொரு வழியிலும் வருகிறது. வீரர் ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிய வேண்டும் என்பது உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25, அதற்கு மேல் ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஃபிஃபாவுக்குத் தனித்தனி நாடுகள். அந்த 28.5 லட்சத்தில், 16 வயதுக்குப் பிறகு வளர்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14,250 பவுண்டு. உன் கிளப் செயலாளரிடம் இதைச் சொல். பதிவுச் சான்று ஒழுங்காக இல்லை என்றால் எந்த கிளப்புக்கும் ஒரு பைசா வராது.

இதோடு ஒரு எச்சரிக்கை. பதினெட்டு வயதுக்குள் நாடு விட்டு நாடு போய்ப் பதிவு செய்வதை ஃபிஃபா தடுக்கிறது, விலக்குகள் மிகக் குறைவு. அதன் பிறகும் இங்கே ஆட ஸ்காட்லாந்து ஃபுட்பால் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம், நாட்டின் தரவரிசை என்ன, எந்த லீக்கில் ஆடினாய் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஆகவே பதினாறு வயதுப் பையனை ஸ்காட்லாந்து டிரையலுக்குக் கூட்டிப்போகிறேன், முன்பணம் கொடு என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடச் சொல்லு அக்காவிடம். 1936-இல் கல்கத்தாவின் முகமது சலீம் கப்பலேறி வந்து, வெறுங்காலில் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு செல்டிக்குக்கு இரண்டு ஆட்டம் ஆடினார். அந்தக் காலம் வேறு.

நீ செய்ய வேண்டியது, வியாசர்பாடியிலேயே பெரியவர்கள் ஆடும் டிவிஷன் அணி ஒன்றில் இடம் பிடிப்பது. பெரிய பெயர் கொண்ட அகாடமியில் பெஞ்சில் உட்காருவதைவிட அது மேல். ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஆட்டம் நிமிடம் எழுதி வை.

பூட்ஸ் அனுப்புகிறேன். ஆனால் இங்கே கடையில் முன்னால் அடுக்கியிருப்பது ஈரப் புல்லுக்கானது, அடியில் ஆறு உலோக ஸ்டட் (தரையைப் பிடிக்கும் குமிழ்), திருகிக் கழற்றலாம். கெட்டி மண்ணில் அது பாதத்தின் அடியைக் குத்தும், கணுக்கால் பிசகும். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் போட்டால் கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முட்டி போய்விடும். நீ வாரத்தில் எத்தனை நாள் மண்ணில், எத்தனை நாள் செயற்கைப் புல்லில் ஆடுகிறாய் என்று எழுது. பாத அளவும் வேண்டும். சாயங்காலம், பயிற்சி முடிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸோடு காகிதத்தில் நின்று பென்சிலை நேராகப் பிடித்து வரை. இரண்டு காலையும் வரை, பெரியதன் நீளத்தை மில்லிமீட்டரில் அனுப்பு.

இப்படிக்கு,
மாமா