அறிவியல் இதழ்கள் இனி பெயர் பதிந்தவர்களுக்கு: ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

வரும் ஜூன் முதல் அறிவியல் மாத இதழ்களைக் கடை வாசலில் தொங்கவிட மாட்டோம். பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் வரவழைத்து எடுத்துவைப்போம். "ஏனுங்க, நிறுத்திவிட்டீர்களா?" என்று சிலர் கேட்டதால் இந்த மடல்.

நிறுத்தவில்லை. வார இதழ்கள் மீந்தால் முகவர் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அறிவியல் இதழ்களுக்கு எங்களுக்கு அந்த வசதி இல்லை. பத்து வாங்கி நான்கு தங்கிவிட்டால் மற்ற ஆறில் வந்த கமிஷனும் போய்விடும். குறைத்து வாங்கினாலோ, கோபிக்கு பஸ் ஏறி வந்து கேட்பவர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

இதழ் கைக்கு வரும் தேதியும் ஒரு காரணம். நம் பகுதியில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்ட குச்சிக்கு நிழல் இராது. அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12.20 வாக்கில். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிடம். இதை எழுதிய இதழ் மாதக் கடைசியில் வந்தால் பிள்ளைகள் எதைப் பார்ப்பது? பெயர் பதிந்த பிரதிகளை அச்சான உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

"நீட்டுக்கு உதவுமா?" என்று கேட்கும் பெற்றோரிடம் உதவாது என்றே சொல்கிறோம். அதற்கான புத்தகங்கள் உள் அலமாரியில் உள்ளன (எங்களுக்கு லாபமும் அவற்றில்தான்). தவிர, இதழ் வாங்குபவர்களில் பலர் மாணவர்களே அல்லர். லேத் பட்டறைக்காரர்கள் உண்டு, கரும்பு விவசாயிகள் உண்டு. 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்போடு காட்டு நாணல் வகையைக் கலந்து 'கோ 205' என்ற ரகத்தை உருவாக்கிய கதையை, 'கோ 86032' ரகக் கரும்பு நட்டிருப்பவர் எப்படிப் படிப்பார் என்று சொல்லவும் வேண்டுமா! ஜி.ஆர். தாமோதரன் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழை நடத்திய காலத்திலிருந்தே இந்தப் பக்கத்தில் தமிழில் அறிவியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாப் பக்கமும் சுவையாக இருக்கும் என்று சொல்ல மாட்டோம். சில கட்டுரைகள் பாடப்புத்தகத்தைவிட வறண்டவை. வாங்குமுன் பழைய இதழ் ஒன்றைக் கடையிலேயே உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள்.

பெயரும் எந்த இதழ் என்பதும் போதும்; முன்பணம் வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து எடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம். பள்ளிகளுக்கு மொத்தமாக வேண்டுமானால் முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். தங்கிப்போன பழைய இதழ்கள் பாதி விலை.

அன்புடன்,
கடைக்காரர்,
கோபிசெட்டிபாளையம்