செயலாளரின் ஆண்டறிக்கை: கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பொறுப்பு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சில்லறை வணிகர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார் என்பதால் நான் அதற்குள் போகவில்லை. கடைக்காரரின் சமூகப் பொறுப்பு என்பது எது, அதனால் கடைக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சுதான் ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டது பலருக்கும் நினைவிருக்கும். “வருஷா வருஷம் நன்கொடை கொடுக்கிறோம், பேனர் வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். என் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு ஷிப்டு என்று இன்று ராத்திரிதான் தெரிகிறது. எது சமூகப் பொறுப்பு?” அன்று எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கியது அந்தக் கேள்வியால்தான்.

முதலில் எடுத்துக்கொண்டதும் ஷிப்டு விஷயத்தைத்தான். அமெரிக்காவில் கேப் நிறுவனத்தின் 28 துணிக்கடைகளில் 2015–16இல் ஒரு சோதனை நடந்தது. அவற்றில் சில கடைகளில் வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் நாளுக்கு நாள் மாறாதபடி பார்த்துக்கொண்டார்கள். பணியாளர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள ஒரு செயலியும் கொடுத்தார்கள். பழையபடியே நடந்த கடைகளோடு ஒப்பிட்டால், இந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியிருந்தது. பணியாளரின் ஒரு மணி நேர வேலைக்குக் கிடைக்கும் விற்பனை 5 சதவீதம் உயர்ந்திருந்தது. கடையில் நிற்கும் நமக்கு இதன் காரணம் புரியாததல்ல. வீட்டு வேலையையும் பிள்ளைகளின் பள்ளி நேரத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள முடிகிறவர் வேலையில் நிலைத்து நிற்பார். எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் என்ன கேட்பார் என்பதெல்லாம் அப்படி நிலைத்தவருக்குத்தான் தெரியும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் மாதம் ஒருமுறை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனி வரியாக ஏறுவதில்லை. அதனால்தான் நாம் அதைச் செலவாகவே நினைப்பதில்லை.

நம் உறுப்பினர்களில் சிலர் அட்டவணையை இரண்டு வாரம் முன்பே ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். சொல்லாமல் விடுப்பு எடுப்பது குறைந்திருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். இதை இன்னும் ஓராண்டாவது கவனித்த பிறகுதான் உறுதியாகப் பேச முடியும்.

அடுத்தது வீணாகும் சரக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சில்லறைக் கடைகளின் பங்கு 12 சதவீதம். வீடுகளின் பங்கு 60 சதவீதம் என்பது உண்மைதான். ஆனாலும் நம் அலமாரியில் காலாவதியாகிற சரக்கு நாம் காசு கொடுத்து வாங்கியது. 17 நாடுகளில் 700 நிறுவனங்களின் ஏறத்தாழ 1,200 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் அறிக்கை இங்கே உதவியது. உணவு வீணாவதைக் குறைக்கப் போட்ட ஒவ்வொரு டாலருக்கும், அந்த இடங்களில் பாதியில் 14 டாலரோ அதற்கு மேலோ திரும்பக் கிடைத்திருக்கிறது. பெரிய இயந்திரம் எதுவும் வைத்து அல்ல. எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார்கள், பணியாளருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், சேமிக்கும் முறையையும் தேதி ஒட்டும் முறையையும் மாற்றினார்கள். சரி, இது நம்மாலும் முடிகிற காரியம்தான்.

அப்புறம், சரக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இதைப் பேசிய கூட்டம்தான் இந்த ஆண்டில் எனக்கு மிகக் கனமாக இருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர்கள் தைத்த துணி பல நாடுகளின் கடைகளில் தொங்கியது. அதன் பிறகு 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. விலையை இன்னும் கொஞ்சம் குறை, நாளைக்கே சரக்கு வேண்டும் என்று நாம் சப்ளையரை நெருக்கும்போது, அந்த நெருக்கடி கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். தவணை தவறாமல் பாக்கியைக் கொடுப்பதும் இதில் சேர்ந்ததுதான். நாள் தவறாமல் பணம் தரும் கடைக்குத்தான் தட்டுப்பாட்டுக் காலத்தில் முதல் லோடு வரும்.

வாடிக்கையாளர் இதற்கெல்லாம் கூடுதல் விலை தருவாரா என்று பலர் கேட்டீர்கள். தருவார் என்று சங்கம் வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் 26 கடைகளில் நடந்த ஓர் ஆய்வில், விளைவித்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கியது என்று காட்டும் நியாய வணிக முத்திரை ஒட்டிய காபியின் விற்பனை ஏறக்குறைய 10 சதவீதம் கூடியது. விலை உயர்ந்த ரகத்துக்கு 8 சதவீதம் ஏற்றியும் விற்பனை சரியவில்லை. மலிவான ரகத்துக்கு 9 சதவீதம் ஏற்றியபோது விற்பனை 30 சதவீதம் விழுந்தது. நல்லதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எண்ணிச் செலவு செய்கிறவர் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

லாபம் ஈட்டுவதே வணிகத்தின் பொறுப்பு என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதியதை மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், விதிகளுக்கு உட்பட்டு என்று ஃபிரீட்மனே வரம்பும் போட்டிருக்கிறார். அந்த வரம்புக்குள் நின்றே மேலே சொன்ன ஷிப்டும் கழிவும் லாபக் கணக்கில்தான் வருகின்றன. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தபோது, கலப்படமில்லாத பொருளும் சரியான எடையும்தான் அவர்களிடம் இருந்த விளம்பரம். அந்தக் கடையைப் பார்த்து உலகெங்கும் கூட்டுறவுக் கடைகள் எழுந்தன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இவை. பணிநேர அட்டவணையை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவது. வீணாகும் சரக்கைத் தினமும் ஒரு நோட்டில் எடையோடு குறிப்பது. சங்கச் செலவில் சோதனை எடைக்கற்கள் வாங்கி, உறுப்பினர்கள் தங்கள் தராசைச் சரிபார்த்துக்கொள்ள அலுவலகத்தில் வைப்பது. நன்கொடை வழக்கம்போல் தொடரும், பேனர் இல்லாமல்.

அட்டவணைக்கும் கழிவு நோட்டுக்குமான மாதிரிப் படிவங்கள் நுழைவு மேசையில் இருக்கின்றன. பொதுக்குழு இந்த அறிக்கையையும் முன்மொழிவுகளையும் ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்