அமாவாசையைப் பௌர்ணமி என்றவரின் பாட்டைப் பாடுகிறவர்களுக்கு

பாராயணக் குழுக்களில் இருக்கும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும், பஜனை நடத்துகிறவர்களுக்கும், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 76. 22 வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அபிராமி அந்தாதி பாராயணத்துக்குப் போனவர். இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருவார். நாலு வருஷமாக அவருக்கு அல்சைமர். போன ஆடி மாதம் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்து, "அம்மாவுக்கு எதுக்குச் சிரமம், வீட்டிலேயே இருந்து சொல்லட்டுமே" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை. எந்தக் குழு, எந்தக் கோயில் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இதே போன் வேறு பல வீடுகளுக்கும் போயிருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

அம்மா என்னென்ன செய்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நைவேத்தியம் ஆவதற்கு முன்பே சுண்டலை எடுத்துச் சாப்பிட்டார். பாட்டுக்கு நடுவில் எழுந்து, "கேஸை அணைச்சேனா?" என்று கேட்டார், ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. வேறொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார் (அது இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்). 'மாணிக்கம், மாதுளம்போது' என்று வருகிற இடத்தில் 'மாணிக்கம், மாதுளம் தோசை' என்று கணீரென்று பாடினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

இதையெல்லாம்கூட நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். பொறுக்க முடியாமல் போனது கடைசியில் நடப்பதுதான். நூறாவது பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடியும். உடனே எல்லோரும் நூற்பயனுக்கு, அதாவது பாடுவதன் பலனைச் சொல்லும் கடைசிப் பாட்டுக்குப் போய்விடுவீர்கள். அம்மா மட்டும் 'உதிக்கின்ற செங்கதிர்' என்று முதல் பாட்டுக்குத் திரும்பிவிடுவார். தட்டில் சூடம் தயாராக இருக்கும், மணி அடிக்கக் கை தூக்கியிருப்பார்கள், அம்மா மூன்றாவது பாட்டுக்கு வந்திருப்பார். நிறுத்தச் சொன்னால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தாதி என்றாலே ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும். மண்டலித்தல் என்று அதற்குப் பெயர். தொடுத்த பூவின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டால்தானே மாலை. அம்மா அந்த முடிச்சைப் போட்டார். இலக்கணப்படி அவர் பக்கம் தப்பே இல்லை.

காலையில் சாப்பிட்ட இட்லி அவருக்கு நினைவில் இல்லை. சில நாள் என் பெயரே வராது, என்னைப் 'பெரியம்மா' என்று கூப்பிடுவார். ஆனால் முதல் பாட்டு 'துணையே' என்று முடிந்தால், 'துணையும்' என்று இரண்டாவது தானாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு பாட்டும் அடுத்த பாட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. வேறு எதைக் கேட்டாலும் தொண்டையில் நின்றுவிடுகிற வார்த்தைகள் இதில் மட்டும் வரிசை கட்டி வருவதைப் பார்த்தால் சில சமயம் எனக்குப் பயமாகக்கூட இருக்கும்.

இது அதிசயம் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அல்சைமரில் முதலில் அடிவாங்குவது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதை ஒட்டிய இடங்களும். புது விஷயங்களைப் பதிந்துகொள்ள அதுதான் வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து கைக்கும் வாய்க்கும் பழகிப்போனவற்றை வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன, அவை பிற்பாடுதான் சிதைகின்றன. நெடுங்காலமாகத் தெரிந்த பாட்டைக் கேட்கும்போது வேலை செய்கிற இடங்கள், அல்சைமரில் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்று ஜெர்மனியில் லைப்சிக் ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். பாட்டு நோயைக் குணப்படுத்தாது. அம்மாவின் நோய் முற்றிக்கொண்டுதான் போகிறது. மிச்சம் இருப்பது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அந்த ஆய்வு எனக்குச் சொன்னது.

கைக்கும் இதே கதைதான். அம்மா முன்னால் ஒரு முழம் நாரையும் உதிரி மல்லியையும் வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரை ஒரு சுற்று, கட்டைவிரலால் ஓர் அழுத்தம், இழுப்பு. பார்வை ஜன்னலுக்கு வெளியே இருக்கும், விரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும். "இது என்ன பூம்மா?" என்று கேட்டால் வேலை நின்றுவிடும், முகம் சுருங்கிவிடும். கேட்காமல் விட்டால் அரை மணி நேரத்தில் சாமி படத்துக்கு ஆகிற சரம் ரெடி. அன்றைக்கு ராத்திரி அம்மா நன்றாகத் தூங்குவார். இதை நான் குறித்து வைத்தே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம் என்று சொன்ன பிறகு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். இன்று என்ன கிழமை என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டுவேன். அந்த வாசனை வந்ததும் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார். "இன்னிக்குக் கிடையாதும்மா" என்பேன். ஐந்து நிமிஷத்தில் அது மறந்துவிடும், மறுபடி வாசல். ஆனால் அந்த வாட்டம் ராத்திரி வரைக்கும் போகாது. ஏன் வாடியிருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

'அவங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே' என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளிவந்தது. அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளையும் சந்தோஷமானவற்றையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு மறந்துபோனது. சோகமும் சந்தோஷமும் போகவில்லை. அதிலும் படத்தைப் பற்றிக் குறைவாக நினைவிருந்தவர்களுக்குத்தான் சோகம் இன்னும் நீண்டதாம். எங்கள் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் நான் பார்ப்பது இதைத்தான்.

இப்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதைக்கு வருகிறேன். திருக்கடையூரில் மன்னர் சரபோஜி, "இன்று என்ன திதி?" என்று கேட்கிறார். தியானத்தில் இருந்த அபிராமி பட்டர், தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிடுகிறார். ஊர் அவரை ஏற்கெனவே பித்தர் என்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அம்பாள் என்ன செய்தாள்? தேதியைத் திருத்தவில்லை. தோட்டைக் கழற்றி வானத்தில் வீசி நிலவை வரவழைத்தாள் என்கிறது தல வரலாறு. பட்டருக்கு வந்தது மறதி நோய் என்று சொல்ல வரவில்லை, அவர் இருந்த நிலை வேறு. ஆனால் டாக்டர் அம்மாவிடம் முதலில் கேட்டதும் அதே மாதிரியான கேள்விதான்: இன்று என்ன கிழமை, என்ன மாதம்? கார்த்திகையில் உட்கார்ந்துகொண்டு அம்மா சித்திரை என்றார். திதியைத் தப்பாகச் சொன்னவர் பாடிய நூறு பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு, மாதம் மாறிப்போன ஒருத்தியை வாசலோடு நிறுத்தியிருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். 'போன ஜென்மத்து வினை', 'சாமி குத்தம்', 'இந்தப் பரிகாரம் செஞ்சு பாரேன்' என்று மண்டபத்தில் வைத்துச் சொல்கிறவர்கள், அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இது மூளையில் வருகிற நோய். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய், அல்சைமர் அதில் ஒரு வகை), அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று 2023இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்த வயதில் நூறு பேர் உங்கள் ஊரில் இருந்தால் அதில் ஏழு பேர். மண்டபத்தில் அவர்களைப் பார்க்க முடியாது, வீட்டில் இருக்கிறார்கள். ஜெபமாலை மணியை உருட்டத் தெரிந்தும் எந்த மணியில் நிற்கிறோம் என்று தடுமாறுகிற பாட்டியும், குனிந்து நிமிரத் தெரிந்தும் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் (சுற்று) என்பது தப்பிப்போகிற தாத்தாவும் அந்த ஏழில் உண்டு.

அதற்காக எல்லோரையும் பிடித்து பஜனையில் உட்கார வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாமா ஒருவர் கடைசி வரைக்கும் கறுப்புச் சட்டைக்காரர். அவருக்கும் இதே நோய். அவரை விட்டிருந்த இல்லத்தில் தினமும் காலையில் பக்திப் பாட்டு போட்டு எல்லோரையும் சுற்றி உட்கார வைப்பார்கள். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்துவார். 'முரட்டு பேஷன்ட்' என்று பெயர் வாங்கிவிட்டார், மாத்திரையும் கூடியது. ஒருநாள் அங்கே வேலை பார்த்த பையன் பேப்பரை அவர் கையில் கொடுத்து, "ஐயா, எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றான். மாமா எழுந்து, மைக்கைச் சரிசெய்வது போலக் கையை வைத்துக்கொண்டு, தலையங்கத்தை மேடைப் பேச்சாகவே பொழிந்தார். பாதி வார்த்தை அவருடையது. அவருடைய பாராயணம் அதுதான்.

பாதி வார்த்தை அவருடையது என்றேனே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகக்காரர் 1990களில் ஓர் இல்லத்தில் இருந்தவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சிகரெட் விளம்பரத்தில் வந்த கௌபாய் படத்தைக் காட்டி, "இவருக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டார். அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஞாபகம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அதனால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. நானும் வீட்டில் செய்து பார்த்தேன். காலண்டரில் இருந்த பசுவைக் காட்டினேன். "இவ பேரு கற்பகம். கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்கா, பால் கேக்காதீங்க" என்றார் அம்மா. மாதுளம் தோசையையும் இப்போது நான் அப்படித்தான் பார்க்கிறேன். சந்தம் இடறவில்லை பாருங்கள்!

சரி, நான் கேட்பது என்னவென்றால், அம்மாவுக்கு அந்தத் தூண் பக்கத்து இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூட நான் உட்காருகிறேன். ஸ்பீக்கரை அவர் காதுக்கு நேராக வைக்காதீர்கள், அந்தச் சத்தத்தில்தான் எழுந்து அலைய ஆரம்பிக்கிறார். அந்தாதியோடு சேர்த்துப் பாடுகிற மற்றப் பாட்டுகளின் வரிசையை வாராவாரம் மாற்றாதீர்கள். நூறு பாட்டும் முடியும் வரை உட்கார முடியாத நாளில் இருபதோடு அழைத்துப் போய்விடுவேன், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பூத் தொடுக்கிற வேலையை, திரி திரிக்கிற வேலையை அவரிடமே விடுங்கள். அதைப் பொழுதுபோக்காகக் கொடுத்து, பின்னால் பிரித்துப் போட வேண்டாம், அந்தச் சரம்தான் அம்பாளுக்குப் போக வேண்டும். சுண்டலில் ஒரு கிண்ணம் முதலிலேயே தனியாக எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டால் நைவேத்தியப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, கிட்டே வந்து "என்னைத் தெரியுதா, நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வருகிற தை அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். நூறாவது பாட்டு முடிந்ததும் அவர் மறுபடி 'உதிக்கின்ற' என்று தொடங்குவார். அந்த ஒரு பாட்டை மட்டும் அவரோடு சேர்ந்து பாடிவிடுங்கள். 'துணையே' என்று முடிகிற இடத்தில் நான் மெதுவாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். நீங்கள் தீபாராதனையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசை, தூண் பக்கத்து அம்மாவின் மகள்