பிராம்ஸின் நான்காம் சிம்பொனி: பாராட்டில் விடுபட்டவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் நான்காம் சிம்பொனியைக் கேட்ட வாசகர்களின் பாராட்டுக் கடிதங்களைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். ஒரு சிம்பொனிக்காக இத்தனை பேர் பேனா எடுத்தது பெரிய மகிழ்ச்சி. ஆனால் அநேகமாக எல்லாருமே இசை நடத்துநரையும் வயலின்களையும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் படைப்பில் மிகக் கடினமான பொறுப்பு வேறு சிலரிடம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் கைதட்டல் விஷயம். சிம்பொனியின் நான்கு பகுதிகளுக்கு நடுவே கைதட்டியவர்களை ஒரு வாசகர் கடுமையாகக் கண்டித்திருந்தார். அவ்வளவு கோபம் தேவையில்லை. 1897 மார்ச் 7 அன்று வியன்னாவில் ஹான்ஸ் ரிக்டர் இதே சிம்பொனியை நடத்தியபோது, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அரங்கம் கைதட்டியது. கடும் நோயில் இருந்த பிராம்ஸ் மாடத்தில் நின்றபடி அதை ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் 3 அன்று அவர் காலமானார். முக்கோண மணி ஒலிக்க ஆரவாரமாக முடிகிற மூன்றாம் பகுதிக்குப் பிறகு கை தானாக எழுவது இயல்புதான்.

உண்மையில் கெடுதல் செய்வது தொடக்கத்தில் எழும் சலசலப்பு. இந்தச் சிம்பொனிக்கு முன்னிசை கிடையாது. நான்கு தாளக் கட்டங்களுக்கு ஒன்றை எழுதிப் பார்த்த பிராம்ஸ் அதை அடித்துவிட்டார். எனவே வயலின்கள் எந்த ஆயத்தமும் இல்லாமல் நேரே மெட்டுக்குள் நுழைகின்றன. E என்ற ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்த மெட்டு ப–க, ச–த, ம–ரி, நி–ப என்று ஜோடி ஜோடியாக வரும். ஒரு ஜோடி இறங்கும், அடுத்தது ஏறும். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளிகளைத் தாண்டி எல்லாம் ஒரே வரியாகக் கேட்க வேண்டும். முதல் ஸ்வரத்தை அழுத்தித் தொடங்கினால் வரி துண்டு துண்டாக உடைந்துவிடும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் இருமினால் முதல் ஜோடி போயே போய்விடும்.

முதல் பகுதியில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். பாதி வழி வருவதற்குள் எல்லாம் முதலிலிருந்து தொடங்குவதுபோல அதே மெட்டு திரும்பும். சில கட்டங்களிலேயே வேறு திசைக்குப் போய்விடும். மற்ற மூன்று சிம்பொனிகளின் முதல் பகுதியிலும் பிராம்ஸ் போட்ட ‘மறுபடி வாசிக்க’ என்ற குறி இதில் இல்லை. மறுபடி வாசிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை வைத்தே கேட்பவரைத் திசைதிருப்புகிறார். பிறகு மெட்டு உண்மையாகவே திரும்பும்போது, துளைக்கருவிகள் அந்த ஸ்வரங்களை மிக நீட்டி, மிக மெல்ல ஊதுகின்றன. பலர் இதைக் கவனிக்காமல் விடுவதற்குக் குழுவின் அளவும் ஒரு காரணம். 1885 அக்டோபர் 25 அன்று ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் பிராம்ஸே நடத்தி அரங்கேற்றியபோது அந்தக் குழுவில் சுமார் 50 பேர்தான். இன்றைய பெரிய குழுக்களில் முதல் வயலின்கள் மட்டுமே 16 வரை இருக்கும். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய துளைக்கருவிகளோ அன்றுபோலவே இரண்டிரண்டு. தந்திகளை அடக்கி வாசிக்கச் சொல்லாவிட்டால் இந்த நீண்ட ஸ்வரங்கள் மூழ்கிவிடும்.

இரண்டாம் பகுதியை ஹார்ன் என்ற பித்தளைக் காற்றுக்கருவிகள் தொடங்குகின்றன. நம் காதுக்கு இது எளிதில் பிடிபடும்: ஸ்வரங்கள் ஹனுமத்தோடியைச் சேர்ந்தவை. கமகம் இல்லை, ராக பாவமும் இல்லை, ஸ்வரத்தானங்கள் மட்டும்தான். அடுத்து தந்திகளை வில்லில்லாமல் விரலால் மீட்டும்போது சட்டென்று மேஜருக்கு, அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்கு, மாறுகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நான்காம் பகுதியைப் பற்றி. டிராம்போன் வாசிப்பவர்கள் மூன்று பேர் முதல் மூன்று பகுதிகளிலும், அதாவது ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் பித்தளைக் குழாய் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழாயின் ஸ்ருதி இறங்கும். அதனால்தான் மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் ஓசையில்லாமல் உள்ளே வெப்பக் காற்றை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நான்காம் பகுதியின் முதல் ஸ்வரத்திலேயே மற்ற காற்றுக்கருவிகளோடு சேர்ந்து அவர்கள் முழு பலத்தில் ஒலிக்க வேண்டும்.

நான்காம் பகுதியின் மெட்டில் எட்டே கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு ஸ்வரம்: ச, ரி, க, சுத்த மத்யமம், பிரதி மத்யமம், ப, கீழ் ப, ச. இசையமைப்பாளர் பாக்கின் 150-ஆம் கான்டாட்டா என்ற தேவாலயப் பாடல் படைப்பிலிருந்து எடுத்து, பிரதி மத்யமத்தை பிராம்ஸ் சேர்த்துக்கொண்டார். பிறகு அதே மெட்டின் மாற்று வடிவங்களாக 30 வேரியேஷன்கள், ஒரு முடிவுரை. கட்டத்துக்கு மூன்று அடி, எட்டுக் கட்டம் என்று விரல் விட்டு எண்ணினால் போதும், ஒவ்வொரு வேரியேஷனும் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். நான்காவது வேரியேஷனில் மெட்டு அடித்தளத் தந்திகளுக்கு இறங்கும். மேலே வயலின்கள் வேறொரு வரி பாடும். அங்கே செல்லோவையும் டபுள் பேஸையும் கேட்கப் பழகுங்கள்.

பன்னிரண்டாவது வேரியேஷன் புல்லாங்குழலின் தனி. இங்கே கட்டத்தின் நீளம் இரட்டிக்கிறது: மூன்று அடிகள் இருந்த இடத்தில் ஆறு. அடியின் வேகம் மாற வேண்டியதில்லை. நீளம் கூடியதாலேயே இசை நிதானமாகிவிடுகிறது. பல நடத்துநர்கள் அதற்கு மேலும் வேகத்தைக் குறைக்கிறார்கள். விளைவு, வாசிப்பவருக்கு வரியின் நடுவே மூச்சு தீர்ந்துபோகிறது. தனி தொடங்கும் கீழ் ஸ்தாயியில் புல்லாங்குழலின் நாதமே மெலிந்தது. துணைக்கருவிகள் கொஞ்சம் உரத்தாலும் மறைந்துவிடும். இதைத் தெளிவாக, அவசரமில்லாமல் கொண்டுவரும் கலைஞருக்கு எவ்வளவு பாராட்டும் தகும்.

அடுத்ததில் கிளாரினெட்டும் ஓபோவும் மேஜரில் உரையாடுகின்றன. பதினான்காவதில்தான் டிராம்போன்களின் உண்மையான சோதனை. தேவாலயப் பாடல்போல மிக மெல்லிய ஒலியில் ஊத வேண்டும். பித்தளைக்கருவியில் உரக்க ஊதுவதைவிட மெல்ல ஊதுவது பல மடங்கு கடினம்: காற்று குறைந்தால் உதடு அதிரத் தயங்கும், ஸ்வரம் தாமதமாகவோ கீறலோடோ வரும். மூவரும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் இம்மியளவு பிந்தினாலும் அரங்கின் கடைசி வரிசைவரை தெரியும். பதினாறாவதில் பழைய மெட்டும் பழைய வேகமும் முழு வலுவோடு திரும்பும்; முன்பு அளவுக்கு மீறி இழுத்திருந்தால் இங்கே தூக்கிப் போடும்.

முடிவில் நடத்துநர் கலைஞர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்வார். பெரும்பாலும் முதலில் எழுப்பப்படுபவர் புல்லாங்குழல் கலைஞர். டிராம்போன் மூவரும் ஹார்ன்களும் தனியே எழுப்பப்படுவதுண்டு. கைதட்டலை அந்த நேரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று சக வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நிகழ்ச்சிக் கையேட்டில் இவர்கள் பெயர்கள் இருக்கும். இனி இந்தச் சிம்பொனிக்கு விமர்சனம் வெளியிடும்போது நடத்துநரின் பெயரோடு முதன்மைப் புல்லாங்குழல் கலைஞர் பெயரையும் டிராம்போன் மூவரின் பெயர்களையும் தாங்கள் சேர்த்து அச்சிட வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்