"நான் ஒண்ணும் மாத்திரை போடல டாக்டர்"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நெஞ்செரிச்சல் பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லா தான் இருந்துச்சு, ஆனா சப்பி சாப்பிடுற கால்சியம் மாத்திரைய பத்தி மட்டும் "உடனடி நிவாரணம் தரும்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. தரும், அதுல சந்தேகமே இல்ல. எனக்கும் தந்துச்சு, அதனால தான் மாட்டிக்கிட்டேன்.

எனக்கு வயசு 56, தைராய்டு கம்மி, அதுக்கு தினமும் காலைல வெறும் வயித்துல லெவோதைராக்ஸின் போடுறேன். எழுந்ததும் நெஞ்சு எரியும், அதனால தைராய்டு மாத்திரைய முழுங்கின கையோட இதையும் ரெண்டு வாயில போட்டுக்குவேன். டிஎஸ்ஹெச் டெஸ்ட் (தைராய்டு பத்தலன்னா இந்த அளவு ஏறும்) எடுக்கறப்பல்லாம் ஏறிட்டே இருக்கு, டோஸ் ரெண்டு தடவ ஏத்தியாச்சு, அப்பவும் எறங்கல. கடைசில ஒரு டாக்டர் "வேற என்ன மாத்திரை போடுறீங்க"ன்னு கேட்டார், "நான் ஒண்ணும் போடல டாக்டர்"னு சொன்னேன். பொய் சொல்லல சார், நெஜமாவே அதை நான் மாத்திரை கணக்குலயே சேக்கல. பழ வாசனை, இனிப்பு, கலர் கலரா இருக்கு, சீட்டு இல்லாமலே வாங்கலாம், அதைப் போய் யாரு மருந்துன்னு நெனைப்பாங்க? கால்சியம் தைராய்டு மருந்த கட்டிப் புடிச்சிக்கும், உடம்புக்குள்ள சேர விடாது, ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் கேப் வேணும்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது. இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குக்கும் இதே கதை தானாம்.

அந்த நெஞ்செரிச்சல் மாத்திரைல இருக்கறது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் எதால ஆனதோ அதே சரக்கு. வயித்துல இருக்கற ஆசிட்டோட சேந்ததும் ஆசிட்ட முறிச்சிட்டு கார்பன் டை ஆக்சைடு கேஸ விடும், போட்ட கொஞ்ச நேரத்துல ஒரு ஏப்பம் வருமே அது இது தான் (நான் என்னமோ வியாதியே வெளிய போகுதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்). வெறும் வயித்துல போட்டா அரை மணி, ஒரு மணி நேரம் தான் தாங்கும், வயிறு சீக்கிரமே கீழ தள்ளிடும். சாப்பிட்ட பிறகு போட்டா சாப்பாட்டோட அதுவும் தங்கும், ரெண்டு மூணு மணி நேரம் கூட கேக்கும். நான் போட்டதெல்லாம் வெறும் வயித்துல, அதனால மறுபடி எரியும், மறுபடி ரெண்டு போடுவேன், ஒரு நாளைக்கு 10 ஆயிடுச்சு.

இப்ப கணக்கு போட்டு பாருங்க. 500 மில்லிகிராம் மாத்திரைல கால்சியம் மட்டும் 200 மில்லிகிராம், 10 போட்டா 2000. 50 வயசு தாண்டினவங்களுக்கு சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேத்தே 2000 தான் மேல் வரம்புன்னு அமெரிக்கால வெச்சிருக்காங்க, நான் இதுக்கு மேல எலும்புக்குன்னு தனியா வேற ஒரு கால்சியம் மாத்திரை போட்டுட்டு இருந்தேன்! எனக்கு மலச்சிக்கலோட போச்சு. ரத்தத்துல கால்சியம் ஏறினா கிட்னி வரைக்கும் அடி விழும், மில்க் ஆல்கலி சிண்ட்ரோம்னு இதுக்கு பேரே இருக்கு. 1915ல சிப்பின்னு ஒரு அமெரிக்க டாக்டர் அல்சருக்கு பாலும் இந்த மாதிரி ஆசிட்ட முறிக்கற ஆல்கலி பொடியும் மணிக்கு மணி குடுக்கற வைத்தியத்த கொண்டு வந்தார், அப்படி குடிச்சவங்களுக்கு வந்த பிரச்சனைல இருந்து வந்த பேரு தான் அது. அல்சருக்கு வேற மருந்து வந்ததும் காணாம போயிருந்துச்சு, கால்சியம் மாத்திரை புழக்கம் கூடினதும் திரும்ப தலை தூக்கிடுச்சு.

எப்பவாவது எரிஞ்சா ஒண்ணு ரெண்டு போடறத நான் குத்தம் சொல்லல. தொடர்ந்து ரெண்டு வாரம் தேவைப்பட்டா டாக்டர பாக்கணும், முழுங்கும்போது அடைச்சாலோ மலம் கறுப்பா போனாலோ ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்க வேணாம். நெஞ்ச அழுத்தி கைக்கோ தாடைக்கோ வலி பரவினா மாத்திரைய தேடாம நேரா ஆஸ்பத்திரி.

எனக்கு இப்ப தைராய்டு மாத்திரை காலைல, நெஞ்செரிச்சல் மாத்திரை தேவைப்பட்டா மட்டும் மதியம் சாப்பிட்ட பிறகு. ஏத்தின டோஸ பழையபடி கொறைச்சிட்டாங்க. அடுத்த தடவ இத பத்தி போட்டா அந்த 4 மணி நேர விஷயத்தையும் சேத்து போடுங்க சார், கொஞ்சம் பெரிய எழுத்துல.

இப்படிக்கு,
உங்கள் வாசகி