நுணா மரத்துக் கல்

போர்ட்லாந்து, ஓரிகன்
பங்குனி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா, அப்பாயி, சின்ன அத்தை எல்லோர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் 23 நாள் கழித்து வந்து சேர்ந்தது. "போனில் குரலை அனுப்புகிறாய், அதை எந்தக் கம்பியில் குத்தி வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை. சாக்குச் சொல்லப் போவதில்லை. இதைக் கையால் எழுத ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இங்கே குளிர் விட்டுவிட்டது, மழை விடவில்லை. நம் ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை இது. நவம்பரில் ஆரம்பித்தால் சல்லடையில் மாவு சலிப்பதுபோல மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் குடையே பிடிப்பதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

வீடு மாறியிருக்கிறேன், உறை மேல் இருப்பது புது விலாசம். ஒற்றை ஆளுக்கு இரண்டு ரூம் எதற்கு, பெருக்கி மாளவில்லை. காரையும் கொடுத்துவிட்டேன். நடந்தால் சர்க்கரை வராது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். சாப்பாடு நன்றாக நடக்கிறது. பொன்னியை விட்டுத் தாய்லாந்து அரிசிக்கு மாறியிருக்கிறேன், வயிற்றுக்கு லேசாக இருக்கிறது. அம்மா கேட்டால் பொன்னி என்றே சொல்லுங்கள்.

புது வீட்டு மாடியில் ஒரு கிழவர். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கதவைத் தட்டிவிடுவார். காட்டில் எவனோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பது அவருக்கு வேலை. ஜியோகேஷிங் என்று பெயர். ஒளித்தவன் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் கணினியில் போட்டுவிடுவான். நாம் போனில் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஒரு சாமானை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றைப் போடவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாத புதையல் என்ன புதையலோ.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான் என்று கிழவருக்குப் பெருமை. அதுவரை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஜிபிஎஸ் சிக்னலில் பிழையைக் கலந்து விட்டிருந்தது. நூறு மீட்டர்கூடத் தள்ளிக் காட்டுமாம். அந்தக் கணக்கில் நம் வயலைத் தேடினால் சித்தப்பா வயலையும் தாண்டிக் கோயில் நிலத்தில் போய் நிற்போம். 2000 மே மாதம் 2ஆம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் பீவர்க்ரீக் பக்கம் ஒரு கறுப்பு பக்கெட்டைப் பாதி புதைத்து வைத்து, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். உள்ளே புத்தகம், கொஞ்சம் பணம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ். உண்டிவில் என்றதும் எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

போன ஞாயிறு அவர் வண்டியில் போனோம். இந்த ஊரைச் சுற்றி அணைந்துபோன சின்னச் சின்ன எரிமலைக் குன்றுகள் எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பக்கத்து ஊர் பெயரை வைத்து அதற்கெல்லாம் சேர்த்து 'போரிங்' என்று பெயர். போரிங் என்றால் எங்களூரில் வயலில் தண்ணீர் எடுக்கும் குழாய் என்றேன். நம்பவில்லை.

சின்னக் குன்று என்றுதான் சொன்னார். நமக்கு மலை என்றால் சுவாமிமலை, அதுவும் கட்டுமலை, அறுபது படி. இது சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பெரிய கோயில் விமானத்துக்குப் போட்டிபோல ஊசியிலை மரங்கள் மேலே மேலே நிற்கின்றன, பட்டையெல்லாம் பாசி. வழியில் ஒரு நத்தை, முதுகில் ஓடு கிடையாது. பூவன்பழம் போல மஞ்சளாக, கறுப்புப் புள்ளியோடு, நீளமும் அவ்வளவேதான். நல்லவேளை மிதிக்கவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். நார்த்தங்காய் ஒரு துண்டு கொடுத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு "எந்த வியாதிக்கு?" என்று கேட்டார்.

உச்சியில் ஏறினால் ஒன்றும் தெரியவில்லை, நாலு பக்கமும் மரம். நம்மூரில் வரப்பில் ஏறி நின்றாலே நாலு ஊர்க் கோபுரம் தெரியும். போனில் அம்புக்குறி இந்தப் பக்கம் பன்னிரண்டு அடி என்கிறது, போனால் அந்தப் பக்கம் இருபது அடி என்கிறது. மரத்தடியில் சிக்னல் அப்படித்தானாம். அரை மணி நேரம் சேற்றில் சுற்றினேன். கிழவர் சாவகாசமாகக் கல்மேல் உட்கார்ந்து, "போனைப் பையில் போடு, நீயாக இருந்தால் எங்கே ஒளிப்பாய்?" என்றார். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் வேரடியில் பட்டைத்துண்டுகளை யாரோ அடுக்கி வைத்தமாதிரி இருந்தது. விலக்கினேன். ராணுவத்துத் தோட்டாப் பெட்டி. உள்ளே ஒரு கோலிக்குண்டு, பிளாஸ்டிக் பல்லி, பென்சில், ஈரம் படாமல் பையில் ஒரு நோட்டு.

பேரும் ஊரும் தமிழில் எழுதினேன். கீழத்தெரு, பாபநாசம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா. 'ழ'வை வளைக்கும்போது கை நின்றுவிட்டது அப்பா. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கப் பிடிக்கவில்லை. கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டேன். இறங்கும்போது கிழவர் ஏதேதோ பேசினார், எனக்குக் குடமுருட்டிக் கரையில் ஈர வேட்டியோடு நடக்கும் தாத்தா முதுகே கண்ணில் நின்றது.

சித்தப்பா விஷயம். வரப்பை வெட்டி நம் பக்கம் நகர்த்திவிட்டார், புலப்படத்தில் இருக்கும் எல்லைக்கல் தரையில் இல்லை, சர்வேயர் வந்து அளந்தும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல் எங்கேயும் போயிருக்காது. வாய்க்கால் மடையிலிருந்து தெற்கே, தாத்தா வேட்டி உலர்த்துவாரே, அந்த நுணா மரம். வெட்டிவிட்டாலும் அடித்தூர் இருக்கும். அதற்குக் கிழக்கே இரண்டு எட்டில், நானும் சித்தப்பா பையனும் நண்டை வைத்து உடைப்பது அந்தக் கல்மேல்தான். வெள்ளத்துக்கு வெள்ளம் வண்டல் ஏறி மூடியிருக்கும், முழங்கை ஆழம் தோண்டிப் பாருங்கள். தலையில் உளிக்கோடு இருக்கும்.

உளுந்து பிடுங்கி முடித்ததும், உழவு ஓட்டுவதற்கு முன்னால் தோண்டிவிடுங்கள். தோண்டும்போது சித்தப்பாவையும் கூப்பிடுங்கள். நாலு குழி நிலத்துக்காக அத்தை பேத்தி காதுகுத்துக்கு இரண்டு பந்தி போட வேண்டாம்.

மோட்டார் எரிந்தது பற்றி: புதுசு வேண்டாம், எரிந்த காயிலை மட்டும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறக்கிறார்களோ இல்லையோ, குறுவை நாற்றங்காலுக்கு போரிங் ஓடியாகவேண்டும், தெரியும். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆபீசில் சம்பளத் தேதியை மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை. தங்கச்சி பீஸை முதலில் கட்டிவிடுங்கள், கூட்டுறவு பாங்க் நகை அடுத்த மாதம் இருக்கட்டும்.

அம்மா வடகம் போட ஆரம்பித்திருப்பாள். எனக்கு அனுப்ப வேண்டாம், தபால் செலவு அதிகம். கல் கிடைத்தால் தங்கச்சியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெரியவன்