சீனியர் பாஸ் பண்ணவங்க லேப்டாப்ல ஏன் திணர்றாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மாணவர் இணைப்புல லேப்டாப்ல வேகமா டைப் பண்றது எப்படின்னு வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா எந்த ஆப்பை இறக்கணும், எந்த கீபோர்டு வாங்கணும்னே பாதி இடம் போயிடுச்சு. நான் மன்னார்குடி பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக் குடுக்குறவ, கை எப்படிப் பழகுதுன்னு ஒரு வரி கூட இல்லையேன்னுதான் இதை எழுதுறேன்.

டைப்ரைட்டிங் படிச்ச யாரை வேணா எழுப்பிக் கேளுங்க, முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜேன்னு தூக்கத்துலயே சொல்லுவாங்க. அப்புறம் டைப்ரைட்டிங் பரீட்சையில இங்கிலீஷ் ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45, வார்த்தைன்னா 5 தட்டுன்னு கணக்கு. இவ்ளோ தூரம் வந்த பிள்ளைங்க காலேஜ் போய் லேப்டாப் முன்னாடி உக்காந்தா தடுமாறுறாங்க, "மிஸ், மெஷின்லயே நல்லா வந்துச்சு மிஸ்"னு வந்து நிக்குறாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். டைப்ரைட்டர் மெஷின்ல கீயை ஓங்கி அடிக்கணும், அடிச்சாதான் எழுத்து பேப்பர்ல பதியும். லேப்டாப் கீ இறங்குறதே ஒன்றரை மில்லிமீட்டர் கிட்டதான், மெலிசான மாடல்ல இன்னும் கம்மி. அதுல போய் ரெமிங்டன் மெஷினை அடிக்குற மாதிரி அடிச்சா கீ அடியில முட்டி அந்த அதிர்ச்சி முழுசும் விரல் நுனிக்குத்தான் திரும்பி வருது, சாயங்காலம் ஆனா விரல் எரியுது, முழங்கை வரைக்கும் இழுக்குதுன்னு சொல்றாங்க. லேசா தொட்டா போதும், எழுத்து வந்துடும், அந்த லேசுக்குக் கையைப் பழக்க கொஞ்ச நாள் வேணும். இன்னொண்ணு, மெஷின்ல வரிசைங்க படிப்படியா மேல ஏறும், எந்த வரிசையில இருக்கோம்னு விரலுக்கே தெரியும், லேப்டாப்ல எல்லாம் ஒரே மட்டம். கை ஒரு கீ வலது பக்கம் நகர்ந்துட்டாலும் தெரியாது, the-ன்னு அடிச்சா yjr-னு விழும். அதுக்காகத்தான் எஃப், ஜே ரெண்டு கீ மேலயும் சின்னதா ஒரு மேடு வச்சிருக்காங்க. ஆட்காட்டி விரல் ரெண்டும் அதுல வந்து நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் தடவிப் பாத்துட்டு ஆரம்பிக்கணும், கண்ணு கீழ போகவே கூடாது.

வேகத்தைக் கெடுக்குறதுல பெரிய ஆளு பேக்ஸ்பேஸ்தான். மெஷின்ல தப்பு தப்புதான், அழிக்க முடியாது, மார்க் போயிடும், அந்த பயத்துலயே கை நிதானமா போகும். லேப்டாப்ல தப்பா ஒரு தட்டு, அழிக்க ஒரு தட்டு, சரியா அடிக்க ஒரு தட்டு, ஒரு எழுத்துக்கு மூணு தட்டு, நடுவுல தாளம் வேற அறுந்து போகுது. அதனால பிராக்டீஸ் பண்ணும்போது பேக்ஸ்பேஸ் பக்கமே போகாதேன்னு சொல்லிடுவேன், தப்பு வந்தா வரட்டும், முடிச்சதுக்கப்புறம் எண்ணிக்கலாம். தப்பு குறைஞ்சா வேகம் தானா வரும்.

அடுத்தது உக்காருறது. வீட்டுல டைனிங் டேபிள் ஏறக்குறைய 30 இஞ்ச் உயரம் இருக்கும், அது சாப்பிடுறதுக்கு, டைப் பண்றதுக்கு இல்ல. அதுல லேப்டாப்பை வச்சா தோள் தூக்கிக்கும், முன்பக்க விளிம்பு மணிக்கட்டை அறுக்கும். கட்டில்ல தலைகாணி மேல வச்சு அடிக்கிறவங்களைப் பத்தி பேசவே வேணாம். லேப்டாப்ல பிரச்னையே ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டியிருக்குறதுதான், கைக்கு வசதியா வச்சா கழுத்து குனியும், கழுத்துக்கு வசதியா தூக்கினா கை அந்தரத்துல தொங்கும். தினமும் மணிக்கணக்கா வேலைன்னா பழைய புஸ்தகத்தை அடுக்கி லேப்டாப்பை மேல தூக்கிட்டு, சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒண்ணு தனியா மாட்டிக்குங்க, விலை ஒசந்ததெல்லாம் தேவையில்ல. அந்த கீபோர்டுக்கு அடியில ரெண்டு குட்டிக் கால் இருக்கும் பாருங்க, எல்லாரும் வாங்கின உடனே அதை நிமித்தி வைக்குறாங்க, வேணாம், மணிக்கட்டு மேல மடங்கும். படுக்க வச்சே அடிங்க. அடிக்கும்போது மணிக்கட்டை ஊனாதீங்க, உள்ள நரம்பு போகுது, கட்டை விரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்துப் போக ஆரம்பிச்சா தைலம் தேச்சுக்கிட்டு இருக்காம டாக்டரைப் பாருங்க.

இப்ப தமிழுக்கு வரேன், அந்தக் கட்டுரையில எனக்கு வருத்தமே இதுலதான், தமிழ்னதும் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா மாறிடும்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தமிழ்99-ங்கிற கீபோர்டு அமைப்பை, அதாவது எந்தக் கீயில எந்தத் தமிழ் எழுத்துங்கிற வரிசையை, நம்ம அரசே ஏத்துக்கிச்சு. உயிர் எழுத்தெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. தமிழ்ல மெய், உயிர், மெய், உயிர்னுதானே மாறி மாறி வரும், அதனால ரெண்டு கையும் மத்தளம் வாசிக்கிற மாதிரி மாறி மாறிப் போகும், ஒரே கை மாட்டிக்கிட்டு முழிக்காது. புள்ளி இருக்குறது எஃப் கீயில, ஆட்காட்டி விரலுக்கு அடியிலயே.

எண்ணிப் பாருங்க. அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுவுல புள்ளி அதுவே வந்துடும். வந்தார்கள்னு அடிக்க 9 தட்டு, ந்த-வுக்கும் புள்ளி தானா விழும். அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா 11 தட்டு, கடைசி ள்-க்கு ஷிஃப்ட் வேற. சுண்டு விரல்ல ஷிஃப்டைப் பிடிச்சு பிடிச்சுத்தான் பாதிப் பேருக்கு கை வலியே, தமிழ்99-ல சாதாரணமா எழுதுற தமிழுக்கு ஷிஃப்டே அநேகமா தேவைப்படாது. விண்டோஸ்லயும் மேக்லயும் இது உள்ளேயே இருக்கு, செட்டிங்ஸ்ல போய் சேத்துக்கிட்டா போதும், காசு கிடையாது. வாய்ஸ் டைப்பிங் இருக்கே மிஸ்ஸுன்னு பசங்க கேக்குறாங்க, இருக்குதான், நாலு பேர் உக்காந்திருக்குற ஆபீஸ்ல ஆளாளுக்கு கம்ப்யூட்டர்கிட்ட பேசினா எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க!

2011-லேர்ந்து எத்தனையோ லட்சம் பிள்ளைங்களுக்கு அரசாங்க லேப்டாப் போய் சேந்திருக்கு. குடுக்குறதோட சேத்து தினம் அரை மணி நேரம் டைப்பிங் வகுப்பும் பள்ளிக்கூடத்துலயே வச்சா நல்லது, இதை நீங்க ஒரு தலையங்கமாவே எழுதலாம். அது நடக்குறப்ப நடக்கட்டும், உடனே முடியுற ஒண்ணு கேக்குறேன், அடுத்த மாணவர் இணைப்புல தமிழ்99 கீபோர்டு படத்தைக் கால் பக்கத்துக்குப் பெருசா போடுங்க சார், பசங்க வெட்டி எடுத்து கண்ணுக்கு நேரா செவுத்துல ஒட்டிக்கட்டும். கீ மேல ஒட்டுற ஸ்டிக்கரா மட்டும் குடுத்துடாதீங்க, அப்புறம் தலையைக் குனிஞ்சவங்க நிமிரவே மாட்டாங்க.

இப்படிக்கு,
டைப்ரைட்டிங் ஆசிரியை,
மன்னார்குடி